சுக்குவின் மொட்டை குறித்து அண்ணனுக்கு

பேச்சியம்மன் துணை

மட்டாஞ்சேரி,
11-4-1999, ஞாயிறு

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணன் பிச்சைமணி அவர்களுக்குத் தங்கை பேச்சியம்மாள் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் மகள் மஞ்சுஷாவும் நாய் சுக்குவும் அம்மன் புண்ணியத்தில் சொறியாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் மதினியும் பிள்ளைகளும் அதேபோல் சொறியாமல் இருக்க வேண்டுகிறேன்.

இரண்டு தடவை பூத்திலிருந்து உங்களுக்குப் போன் செய்தேன். இரண்டு தடவையும் பின்னால் ஆள் நின்றதால் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கோயில் பூசாரியான அண்ணனைக் கூப்பிட்டு நாய்க்கு மொட்டை போடுவதில் சந்தேகம் கேட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீங்கள் போனை வைத்துவிடாமல் பதில் சொன்னீர்கள். அந்தப் பதிலால் ஒரு உயிர் இந்த வீட்டில் தங்கியது. முழுக்கதையும் எழுதி நன்றி சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் நாள்காட்டித் தாளும் பொட்டலம் கட்டிய பேப்பரும் பார்த்து எழுதப் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். மஞ்சுஷாவை எழுதச் சொன்னால் மலையாளத்தில் எழுதித் தருவாள். நீங்கள் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட வேண்டியதுதான்.

கார்த்திகை கடைசியில் ஒரு காலை, உங்கள் மாப்பிள்ளை கார்ப்பரேஷன் வேலை முடிந்து வரும்போது கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி வாசலைப் பெருக்கும்போது கிடைத்ததாம். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு நாய். ஜாதி நாய்தான் அண்ணே, வெள்ளை முடி புசுபுசுவென்று இருக்கும் குட்டை ஜாதி. ஆனால் காதும் முழங்காலும் வயிறும் முடி கொட்டி, தோல் வெடித்து, காய்ந்து சுருங்கிய சுக்கு மாதிரி இருந்தது. "ஒரு நாளைக்குத்தான் பேச்சி. நாளைக்கு யார்கிட்டயாவது குடுத்துடலாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே தன் சட்டையை விரித்து அதைப் படுக்க வைத்தார். பேர் வைத்ததும் அவர்தான். ஒரு நாளைக்கு இருக்கப்போகிறதற்குப் பேர் எதற்கு என்று கேட்டேன். "கூப்பிடணும்லா?" என்றார்.

அது ராப்பகலாய்ச் சொறிந்தது. வேப்பிலை அரைத்துப் பூசினேன், மஞ்சள் அரைத்துப் பூசினேன், வெள்ளை நாய் மஞ்சள் நாயானது, சொறி போகவில்லை. அப்போது மாப்பிள்ளையோடு வேலை செய்கிற ஒரு புண்ணியவான், லாரிக்காரர்கள் வடித்து ஊற்றுகிற கரி ஆயிலைத் தடவினால் எந்தச் சொறியும் ஓடிவிடும் என்று சொல்லியிருக்கிறார். இவரும் ஒரு டப்பா வாங்கி வந்து நான் குழாயடியில் இருந்த நேரம் பார்த்துத் தடவிவிட்டார். திரும்பி வந்தால் மஞ்சள் நாய் கறுப்பு நாயாகி, கழுவிவிட்ட தரையில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. மஞ்சுஷாவின் பாவாடை, என் தலையணை, வெளுத்து வைத்திருந்த அவருடைய காக்கி எல்லாவற்றிலும் அதன் கால் தடம். சீயக்காய் போட்டு மூன்று தண்ணீரில் குளிப்பாட்டினேன். என் கையிலேயே அது நடுங்கிக்கொண்டு நின்றது. பார்க்கப் பொறுக்காமல் அந்த ஈரக் கையோடு சொல்லிவிட்டேன்: "தாயே பேச்சி, இது உடம்பு தேறட்டும். உன் வாசலுக்குக் கொண்டுவந்து தலையிலிருந்து வால் வரைக்கும் மொட்டை போடுகிறேன்." ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து படத்துக்கு முன்னால் கட்டியும் விட்டேன். மனிதருக்கு நேர்கிறபோது தலை மட்டும்தான் கணக்கு. நாய்க்கு நேரும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வால் வரை போய்விட்டேன். வினையெல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

நேர்ந்த முடியில், அம்மன் வாசல் போகிற வரைக்கும் கத்தி படக்கூடாது என்பது நம் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். மஞ்சுஷாவுக்கு நேர்ந்தபோது மூன்று வயது வரை சடை விழுந்து போனாலும் நாம் தொடவில்லையே. மிருக ஆஸ்பத்திரி டாக்டருக்கு இது எப்படித் தெரியும்? டாக்டர் அனந்தநாராயணன் என்று பேர், பாலக்காட்டுத் தமிழர், ரிட்டையராகப் போகிற வயசு, நல்ல மனிதர். பேசும்போது பாட்டு மாதிரி இழுத்துப் பேசுவார். சுக்குவின் காதோரம் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஆமை மாதிரி உருண்டையாக ஒன்று, குட்டை குட்டையாய்க் கால். தோலுக்குள்ளே வளை தோண்டிக் குடியிருந்து முட்டை போடுமாம். இத்தனை சின்னதுக்கும் கால் வைத்துப் படைத்தவளை நினைத்து நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "பூச்சியைக் கும்பிடாதேங்கோ அம்மா, அதைக் கொல்லணும்" என்றார் டாக்டர். கரி ஆயிலைப் பற்றி மாப்பிள்ளை வாயை விட்டுச் சொல்லிவிட்டார். டாக்டருக்கு முகம் சிவந்துபோனது. "நாய் அதை நக்கித்துன்னா உயிரே போயிடும், கேட்டேளா? வண்டிக்கு ஊத்தறதை நாய்க்கு ஊத்துவாளா யாராவது?" இவர் ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த கோழி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாரம் ஒரு தடவை மருந்தைத் தண்ணீரில் கலந்து உடம்பு முழுக்க ஊற்ற வேண்டும், துடைக்காமல் அப்படியே காயவிட வேண்டும், அதற்கு முன்னால் முடியை ஒட்ட வெட்டிவிட வேண்டும் என்றார். வெட்டக்கூடாது சார், அம்மனுக்கு நேர்ந்தது என்றேன். "இது ரோமம் இல்லை அம்மா, பூச்சிக்கு வீடாக்கும். இதை வெச்சுண்டு மருந்து ஊத்தினா குடைக்கு மேல மழை பெய்யற மாதிரி" என்றார். நான் அசையவில்லை. அவரும் கும்பிடுகிறவர்தான், நெற்றியில் சந்தனம் இருந்தது. வற்புறுத்தாமல், சொறியைக் கவனித்து எழுதி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நான்கு வாரம் குடைக்கு மேல் மழை பெய்தது.

எழுதி வரச் சொன்னாரே, அதை மட்டும் குறை வைக்காமல் செய்தேன். நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டேன். பின்னங்காலால் சொறிந்தால் ஒரு கோடு, பல்லால் கடித்தால் ஒரு பெருக்கல் குறி. காலை, மதியம், மாலை தனித்தனி. போகப்போக எங்களுக்கும் இடுப்பிலும் முழங்கையிலும் அரிக்க ஆரம்பித்ததால் ஆளுக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். மஞ்சுஷா மட்டும் சண்டைக்கு வந்தாள். "அம்மே, என் சொறியை எழுதாதே! பெண்ணு பாக்க வர்றவங்க கையில இந்த நோட்டு கிட்டினா?" உன் கட்டம்தான் இருக்கிறதிலேயே குறைச்சல், காட்டினால் நல்லதுதான் என்று சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்போதுதான் ஜிஷா வந்தாள். எங்கள் வரிசையில் அடுத்த வீடு, நம்மாட்கள்தான், மூன்று தலைமுறையாய் இங்கேயே இருப்பதால் தமிழை மலையாளத்தில் பேசுவாள். பத்து மாதக் குழந்தை சுஜித்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். வயிறெல்லாம் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. சுக்கு சுவரைத் தாண்டிப் போய் அவர்கள் பாயில் படுத்திருக்கிறது. "பேச்சியக்கா, ஞான் இதுவரை ஒண்ணும் சொன்னதில்லை. இது கொச்சுக் குழந்தை. சொறியக்கூடத் தெரியாதே, அழ மட்டும்தான் தெரியும். சித்திரை விஷு வரைக்கும் பாக்கறேன். அதுக்கு முன்னே இந்த நாய் உங்க வீட்லேர்ந்து போகணும். இல்லைன்னா ஞானே கொண்டுபோய் விட்டுட்டு வருவேன்." அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை, அண்ணே. மாப்பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை. "இடக்கொச்சியில ஒருத்தர் கேட்டாரு, குடுத்துடலாமா?" என்று சுக்குவைப் பார்த்துக் கேட்டார். அது வாலை ஆட்டியது. இந்தச் சொறியோடு யார் கேட்டிருப்பார்கள்? பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

மறுநாள்தான் உங்களுக்கு முதல் போன். "அண்ணே, நேர்ந்த முடியை முந்தியே வெட்டலாமா?" என்று நான் கேட்டதும், "ஏட்டி, யாரு முடி?" என்றீர்கள். சொன்னேன். பிறகு நீங்கள் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "ஏட்டி, அம்மன் உயிரைக் காப்பாத்தத்தான் முடியைக் கேப்பா. முடியைக் காப்பாத்த உயிரைக் கேக்க மாட்டா. வெட்டி மஞ்சத்துணியில கட்டி வை, வரும்போது கொண்டா." பூத்தில் நின்றபடியே அழுதேன். பின்னால் நின்றவர் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தன் முறையையும் எனக்கே விட்டுக்கொடுத்தார்.

டாக்டர் வெட்டினார், நான் முந்தானையில் ஏந்தினேன். ஒரு இழை தரையில் விழவிடவில்லை. வெட்டி முடித்ததும் பார்த்தால் சுக்கு பாதியாகிவிட்டது, பெருச்சாளியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. முடிப் பொட்டலம்தான் அதைவிடப் பெரிதாய் இருந்தது. மருந்து தோலில் பட்டது. நான்கு நாளில் கோடு பாதியாய்க் குறைந்தது. ஆனால் அண்ணே, ஞாயிறு வந்தால் மறுபடி ஏறும், திங்களும் ஏறும், புதன் வாக்கில் இறங்கும், அடுத்த ஞாயிறு திரும்ப ஏறும். இப்படி மூன்று வாரம். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டிப் பார்த்தார், ஊசியும் போட்டார். நாங்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வாங்கிய களிம்பைக் கழுத்திலிருந்து கால் வரைக்கும் பூசிக்கொண்டு வரிசையாய் உட்கார்ந்திருந்தோம். விஷுவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஜிஷா நாள்காட்டியைப் பார்க்கிறாளோ இல்லையோ, நான் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை டாக்டர் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "இத்தனை சர்வீஸில் இந்த மாதிரி ஒரு கணக்கு நான் கண்டதில்லை" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து, "வெள்ளிக்கிழமை என்ன செய்யறேள்?" என்றார்.

"பூசை சார்."

"நாய்க்கு அதில் என்ன ஜோலி?"

சொன்னேன். வெள்ளிதோறும் அந்த முடிப் பொட்டலத்தை இறக்கி, பிரித்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, சுக்குவின் தலையைச் சுற்றி மூன்று தடவை, பிறகு நெற்றியில், முதுகில், வாலில் தொட்டு வைப்பேன். மறுபடி கட்டிப் படத்தில் மாட்டுவதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சுஜித்துக்கும் சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை அவன் தலையையும் சுற்றினேன்.

"அந்தப் பொட்டலம் இப்போ எங்கே?" என்றார்.

அம்மன் சொத்தைத் தனியாய் வீட்டில் விடக்கூடாது என்று பையிலேயே கொண்டு போயிருந்தேன். எடுத்து மேஜைமேல் வைத்தேன். டாக்டர் நாற்காலியோடு பின்னால் போனார், சுவர் தடுத்தது.

"அம்மா! இதில் ஒரு ஊரே குடியிருக்கும்! நான் அடிச்சு விரட்டறதை நீங்கள் வாரா வாரம் குங்குமம் வெச்சுத் திரும்ப அழைக்கறேள்!"

பொட்டலமாய்க் கட்டி வை என்று சொன்னது நீங்கள்தான், ஆனால் பிரித்துத் தொட்டு வைக்கச் சொன்னது நீங்கள் இல்லை. அது என்னுடைய கூடுதல் பக்தி. அதனால் இதில் உங்கள்மேல் ஒரு துளி வருத்தம் இல்லை, முழுக்க என் கணக்கில்தான். எரித்துவிடச் சொன்னார் டாக்டர். அம்மன் முடியை எரிக்கவா என்று நான் கேட்டேன். அவர் நெற்றிச் சந்தனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எரிக்க வேண்டாம். யாரையாவது கேட்டுண்டு என்ன வேணும்னாலும் செய்யுங்கோ. ஆனா வீட்டுக்குள்ளே மட்டும் வேண்டாம்" என்றார்.

இரண்டாவது போன் அதற்குத்தான். நீங்கள் சிரித்தது பூத்துக்கு வெளியே கேட்டிருக்கும். "ஏட்டி பேச்சி, அவ என்ன முடியை எண்ணிக்கிட்டா உக்காந்திருக்கா? நீ நேர்ந்தது அன்னைக்கே அவளுக்கு வந்து சேர்ந்தாச்சு. ஓடுற தண்ணியில விடு, திரும்பிப் பாக்காம வா" என்றீர்கள். வந்து சேர்ந்தாச்சு என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். மூன்று மாதமாய் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

மாப்பிள்ளையும் நானும் படகு ஜெட்டிக்குப் போய்ப் பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். நாலடி போகவில்லை, பின்னால் ஒரு குரல்: "சேட்டா! பொதி! உங்க பொதி தண்ணியில விழுந்துபோச்சு!" நடையை எட்டிப் போட்டோம். அவர் ஓடி வந்தார். வலை போட்டுக்கொண்டிருந்த மனிதர், கம்பால் எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் கையில் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "ஏதோ பூசைச் சாமான் போல இருந்தது, அதான்" என்றார். நல்ல மனதோடு செய்கிறவரை என்ன சொல்வது? நன்றி சொல்லி வாங்கிக்கொண்டோம். அவர் படகேறிப் போகிற வரைக்கும் காத்திருந்து, மாப்பிள்ளை உள்ளே ஒரு அரைச் செங்கலை வைத்துக் கட்டினார். இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவில்லை. முதல் தடவை பார்த்தது கணக்கில் வருமா என்று எழுதவும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாய் ஜிஷாவிடம் போய் நின்றேன். சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன், குழந்தையின் தலையைச் சுற்றியதையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். "அப்போ இத்தனை நாளும் சொறி தந்தது நாய் இல்லை, சாமியா?"

"சாமி இல்லைம்மா, நான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவளே நெல்லு அவிக்கிற பெரிய செம்பு அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தாள். இரண்டு வீட்டுப் பாய், போர்வை, தலையணை உறை, சுக்கு படுத்த சட்டை எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டு வேகவைத்தோம். அவர் காக்கி, அவள் புருஷன் லுங்கி, மஞ்சுஷா பாவாடை மூன்றும் ஒரே நிறமாய் வெளியே வந்தன.

அதற்குப் பிறகு மருந்து தன் வேலையைச் செய்தது. ஞாயிறு ஏறவில்லை. சுஜித்தின் வயிறு பதினைந்தே நாளில் மாவு மாதிரி ஆகிவிட்டது. நேற்று டாக்டர் மூன்று இடத்தில் சுரண்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை. என் நோட்டில் நேற்றைய கட்டம் முழுக்க வெறுமையாய் இருக்கிறது, அண்ணே. எத்தனையோ கட்டம் நிரப்பியிருக்கிறேன், ஒரு வெற்றுக் கட்டத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சுக்குவுக்கு அரை அங்குலம் முடி வந்திருக்கிறது, தொட்டால் பட்டு. விஷுவுக்கு நாலு நாள் முன்னாலேயே வீடு சுத்தம். இனி யாரும் அதை அனுப்பச் சொல்ல முடியாது. அம்மனுக்கும், உங்களுக்கும், டாக்டருக்கும், செம்பு தந்த ஜிஷாவுக்கும், வலைக்காரருக்கும்கூட என் நன்றி.

முதல் முடி வந்து சேர்ந்துவிட்டது என்று நீங்கள் சொன்னாலும், உன் வாசலில் என்று நான் வாய்விட்டுச் சொன்னது பாக்கி இருக்கிறது. அதனால் அம்மன் கோயில் ஆடிக் கொடைக்கு சுக்குவையும் கூட்டிக்கொண்டு மூவரும் வருகிறோம். அதற்குள் முடி நன்றாய் வளர்ந்துவிடும். மொட்டை போடுகிற சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியிடம் கொச்சியிலிருந்து ஒரு மொட்டை வருகிறது என்று மட்டும் சொல்லி வையுங்கள். யாருக்கு என்று இப்போதே சொல்ல வேண்டாம்.

மதினியின் மூட்டுவலி குறையவும், பிள்ளைகள் பரீட்சையில் தேறவும், நம் குடும்பத்தில் இரண்டு காலும் நாலு காலுமாய் உள்ள அத்தனை பேரையும் அம்மன் தன் முந்தானையில் வைத்துக் காக்கவும் வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் வாக்குக்குக் கட்டுப்பட்ட தங்கை,
பா. பேச்சியம்மாள்

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: தபால்தலை வாங்கி வர மாப்பிள்ளை மறந்ததால் கடிதம் இரண்டு நாள் இங்கேயே கிடந்தது. அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் சுஜித் தவழ்ந்து வந்து சுக்குவின் காதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிரித்து எடுத்தால் அழுகிறான், சுக்குவும் அழுகிறது. சரி என்று ஒரு ராத்திரிக்கு மட்டும் அங்கே விட்டோம். நேற்றும் அங்கேதான் படுத்தது. கூப்பிட்டால் வருகிறது, நான் வைக்கிற சோற்றைத் தின்கிறது, வாயைத் துடைத்துக்கொண்டு சுவர் தாண்டிப் போய்விடுகிறது. குழந்தை அது பக்கத்தில் இருந்தால்தான் கஞ்சி குடிக்கிறானாம். இது என்ன நியாயம் என்று ஜிஷாவிடம் கேட்டேன். "விஷுவுக்கு முன்னே நாய் உங்க வீட்லேர்ந்து போகணும்னு ஞான் அன்னிக்கே சொன்னேனே பேச்சியக்கா, போயாச்சு" என்கிறாள். போகட்டும், ஆடிக்கு மொட்டை போட ஊருக்குக் கூட்டிப்போக வேண்டுமே என்றேன். "மொட்டையா? கொச்சு பிடிச்சு நிக்கிறதுக்கு முடி வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த வீட்டு நாயின் முடியை நான் எந்த உரிமையில் அம்மனுக்குக் கொண்டுவருவேன்? ஆகையால் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சியிடம் மொட்டை நிச்சயம், ஆள் மட்டும் மாறலாம் என்று சொல்லி வைக்கவும். உங்கள் மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன். தலை மட்டும் போதும், வால் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று என்றும் சொன்னேன். அவர் ஜிஷா வீட்டு வாசலில் சுக்குவை மடியில் வைத்துச் சாயா குடித்துக்கொண்டிருக்கிறார்.